புன்னைவிளைக்கு இரண்டு தடவை வந்த கடல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மண்ணைப் பற்றி அதைவிடக் குறைவாகத் தெரியும். இந்த இரண்டு தகுதிகளையும் வைத்துக்கொண்டு, கடற்கரையிலிருந்து மூன்று மைல் உள்ளே இருக்கிற புன்னைவிளைக்கு ஒரு காலத்தில் நான் கடலை வரவழைத்தேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இரண்டில் ஒன்று பொய். அந்தப் பொய்க்குத்தான் எனக்கு மாலை போட்டார்கள்.

நான் ஆர்மோனியம் கற்றுக்கொண்ட கதையைச் சென்ற வாரம் படித்துவிட்டு, "இதைவிடப் பெரிய முட்டாள்தனம் உங்களிடம் கைவசம் உண்டா?" என்று தக்கலையிலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். உண்டு ஐயா. அதன் ஆழம் மூன்று ஆள்.

கடவத்தில் வந்த நாற்றம்

அது ஒரு மாசி மாதக் காலை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஊருக்குக் கிணறு தோண்டிக்கொண்டிருந்தோம். தோண்டிக்கொண்டிருந்தோம் என்று நான் சொல்வது, பந்தியில் சாப்பிட்டவன் "நாங்கள் கல்யாணம் நடத்தினோம்" என்று சொல்வதைப் போன்றது. உள்ளே இறங்கி வெட்டியவன் பொன்னையன். மேலே நின்று கயிறு இழுத்தவர்கள் நாலு பெண்கள். பள்ளிக்கூட வாத்தியாரான நான் வெளுத்த வேட்டியோடு சற்றுத் தள்ளி நின்று மேற்பார்வை செய்தேன்.

அதுவரை பழுப்புக் களிமண்ணாகவே வந்துகொண்டிருந்த கடவத்தில், அதாவது மண் அள்ளுகிற ஓலைப்பெட்டியில், திடீரென்று கன்னங்கரேலென்று சேறு வந்தது. கவிழ்த்த இடத்தில் அது கட்டித் தயிர் மாதிரி நடுங்கிக்கொண்டு நின்றது. கொஞ்சம் பொறுத்து நாற்றம் வந்தது. மணவாளக்குறிச்சிப் பக்கம் ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்தில், தண்ணீர் வற்றிய நேரத்தில் போய் நின்றிருக்கிறீர்களா? அதே நாற்றம்.

கீழேயிருந்து பொன்னையனின் குரல் வந்தது. "ஏட்டி, மேல எவளாவது மீன் கழுவினியா?"

"நீ குளிச்சு எத்தனை நாளாச்சுன்னு மொதல்ல சொல்லு. பெறவு மீனைப் பாப்போம்" என்றாள் கயிற்றைப் பிடித்திருந்த அன்னம்மை அக்கா.

நான் மட்டும் சிரிக்கவில்லை. சேற்றில் கையை விட்டேன். மட்டி அகப்பட்டது. பொழியில் பொறுக்கிக் குழம்பு வைக்கிறோமே, அதே மட்டி. இரண்டு ஓடும் வாய் மூடி, பெட்டி மாதிரி இருந்தது. நகத்தால் நெம்பித் திறந்தேன். உள்ளே சதை இல்லை, கறுப்புச் சேறு.

"எல்லாரும் கையை எடுங்க" என்றேன். "இனி ஒரு கடவம் மண்ணு மேல வரப்பிடாது. இது ரெண்டாவது கடல்."

"மொத கடலுக்கே இன்னும் எங்களுக்கு மூச்சு வாங்குது" என்றாள் அன்னம்மை அக்கா.

கிணறு எதற்கு

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எங்களூரில் ரேந்தை, அதாவது லேஸ், பின்னுகிற பெண்கள் இருபது பேர் இருந்தார்கள். திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பூப்பூவாகப் பின்னுவார்கள். அந்த இருபது பேருக்கும் அக்காதான் தலைவி. பின்னி முடித்த ரேந்தையை அலசிக் காயவைத்து மிஷன் பங்களாவுக்குக் கொண்டுபோவாள். அங்கே வெள்ளைக்கார மதாம்மை அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கொஞ்சம் பழுப்புத் தெரிந்தாலும் அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு வார்த்தை திட்ட மாட்டார். திட்டியிருந்தால் அக்கா பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பேச்சிப்பாறைத் தண்ணீர் சானலில் ஓடுகிற மாதங்களில் கவலை இல்லை. பங்குனிக் கடைசியில் சானலை அடைத்துவிடுவார்கள். அதற்குப்பிறகு மழை விழும்வரை, அரை மைல் தள்ளி ஒரு பெரிய வீட்டுத் தோப்புக் கிணறுதான் கதி. அங்கே எங்கள் பெண்கள் கயிற்றைத் தொடக் கூடாது. அந்த வீட்டு ஆள் யாராவது வந்து கோரி ஊற்றினால் உண்டு. அவர்கள் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, மனம் வந்து, கையை நீட்டும்வரை குடங்களோடு வெயிலில் நிற்க வேண்டும். ஒரு வருஷம் அக்கா அங்கே நின்ற நேரத்தில் ஒரு முழு ரேந்தையைப் பின்னி முடித்திருக்கலாம் என்று பெண்கள் சொல்வார்கள். அப்படி நின்று வாங்கி வருவது குடிக்கவே காணாது. ரேந்தையை எங்கே அலசுவது?

எனவே சானல் அடைப்பதற்குள் சொந்தக் கிணறு. வீட்டுக்கு ஒரு ஆள் முறை வைத்து வேலை. இடம் காட்ட மட்டும் ஒருவர் தேவைப்பட்டார்.

அரைப் புத்தகம்

இடம் காட்ட ஆள் இல்லாமல் இல்லை. பக்கத்து ஊரில் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பார். நீரோட்டம் உள்ள இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். ஆனால் சபைக் கமிட்டி கூடி, தேங்காய் எழுந்து நிற்பது அஞ்ஞானம் என்று தீர்மானம் போட்டுவிட்டது. "பின்னே எப்படி இடம் பார்க்கிறது?" என்று யாரோ கேட்டார்கள். "விஞ்ஞானப்படி" என்றார் உபதேசியார். விஞ்ஞானம் எங்கே இருக்கிறது என்று எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.

என்னிடம் ஒரு ஆங்கிலப் புத்தகம் இருந்தது உண்மைதான். பூமியின் அடுக்குகளைப் பற்றியது. பங்களாவில் கழித்துப்போட்ட பெட்டியிலிருந்து எடுத்தது. முன்னட்டை இல்லை. பின்பாதியைக் கரையான் எனக்கு முன்பே படித்து முடித்திருந்தது. என்னிடம் இருந்த பாதியின் கடைசி வரி, "சிப்பிகள் கிடைக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்திருக்கிறது, ஆனால்" என்று நின்றது. அந்த "ஆனால்" என்னைத் தூங்கவிடாமல் உறுத்தியிருக்க வேண்டும். நான் நன்றாகத் தூங்கினேன்.

ஊர் நடுவில் செம்மண் மேடு ஒன்று உண்டு. பொன்னையன் அங்கே வெட்டலாம் என்றான். நான் மறுத்தேன். தண்ணீர் பள்ளத்தைத்தான் நாடும், எனவே வயலோரமாகப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வெட்டுவதே விஞ்ஞானம் என்றேன். நான் அப்போது பள்ளிக்கூடத்தின் பின்னறையில் குடியிருந்தேன். அறைக்கும் கிணற்றுக்கும் பத்தடி. வாசலில் நின்று பல் தேய்க்கலாம். விஞ்ஞானத்தின் மிச்சப் பகுதி இதுதான்.

இடம் ஞானமுத்து என்பவருடையது. காய்க்காத இரண்டு தென்னைகளை வெட்டித் தள்ளிவிட்டு, அந்த மூலையை ஊருக்குக் கொடுத்துவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு மலையோரத்து ரப்பர் தோட்டத்தில் வேலைக்குப் போய்விட்டார். அவர்களில் ஒருவராவது ஊரில் இருந்திருந்தால் இந்த அத்தியாயம் பாதியிலேயே முடிந்திருக்கும்.

முதல் கடல்

தை மாதம் தோண்டத் தொடங்கி இடுப்பளவு போனதும் வெள்ளை வெளேரென்று மணல் வந்தது. சாட்சாத் கடல்மணல். உள்ளே சின்னச் சின்னச் சிப்பிகள், கிளிஞ்சல், ஒரு நண்டுக்கால். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. கடல் மூன்று மைல் தள்ளி இருக்கிறது, இங்கே கால்முழத் தடிப்பில் கடல்மணல். நான் பள்ளத்துக்குள்ளேயே குதித்தேன்.

மணலோடு ஒரு பானைச் சில்லும் கிடைத்தது. புகை ஏறிய கறுப்பு, விளிம்பில் விரலால் அழுத்திய வரி. கடல் விழுங்கிய ஏதோ ஒரு நகரத்தின் அடுப்படியிலிருந்து அலை அடித்துக்கொண்டு வந்த சில்லு என்று எனக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. யார் கையும் படாமல் சிவப்புத் துணியில் சுற்றி என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

பொன்னையன் ஒரு சந்தேகம் கேட்டான். "வாத்தியாரே, இந்த மணலு கிழக்குப் பக்கம் மட்டும்லா கெடக்கு. மேற்கே பாரும், வெறும் மண்ணு."

"கடல் கிழக்கேயிருந்து வந்திருக்கு" என்றேன்.

"நம்ம கடலு தெக்கேயும் மேக்கேயும்லா இருக்கு?"

"அது இப்போ" என்றேன்.

அவன் மம்பட்டியை எடுத்தான். அறிவாளியோடு ஒரு குழிக்குள் நிற்கிறவனுக்கு அதைத் தவிர வேறு வழி இல்லை.

மாசியில் கறுப்புச் சேறு வந்தபோது நான் ஏன் அதை இரண்டாவது கடல் என்றேன் என்று இப்போது தெரிந்திருக்கும். மேலே ஒரு கடல், கீழே ஒரு கடல், நடுவில் களிமண். பள்ளிக்கூடக் கரும்பலகையில் மூன்று நிறச் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்துவைத்தேன். அடுத்த இரண்டு வாரத்துக்கு அந்தப் பலகையில் கணக்குப் பாடம் நடக்கவில்லை.

கிணற்று வேலையும் நடக்கவில்லை. பெரிய மனிதர்கள் வந்து பார்க்கும்வரை அடுக்குகள் கலையக் கூடாது என்று நான் கிணற்றைச் சுற்றிப் பனங்கருக்கு மட்டைகளால் வேலி அடைத்துவிட்டேன். தினமும் காலையில் அக்கா வந்து வேலிக்கு வெளியே நிற்பாள்.

"வாத்தியாரே, சானல் அடைக்க இன்னும் எத்தனை நாளிருக்கு?"

"பல்லாயிரம் வருஷமா காத்திருந்த மண்ணு அக்கா. ரெண்டு வாரம் பொறுங்க."

"மண்ணு காத்திருக்கும். அதுக்குத் தாகமா எடுக்குது?"

அந்த நாட்களில் எங்கள் கரையிலிருந்து கருமணல் கப்பல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் விளக்கு எரிக்க அதிலிருந்து எதையோ எடுக்கிறானாம். அதனால் கையில் மண்ணை வைத்துக்கொண்டு யோசிக்கிற எவனைப் பார்த்தாலும் ஊரில் ஒரு மரியாதை. நான் சேற்றைப் புட்டியில் அடைத்து வரிசையாக வைத்திருப்பது தெரிந்து, மண்டைக்காட்டிலிருந்து ஒருவர் வந்து என்னை ரகசியமாக அழைத்து, "இது எந்தக் கப்பலுக்கு?" என்று கேட்டார். "இது அறிவுக்கு" என்றேன். அவர் நம்பவில்லை. என்னிடம் ஏதோ பெரிதாக இருக்கிறது என்ற எண்ணத்தோடு போனார். அவர் ஒருவர்தான் கடைசிவரை என்னை மதித்தவர்.

மாலையும் சட்டியும்

மாசிக் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் என் சொற்பொழிவு. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் தலைமை. வந்தவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடல் தேவைப்பட்டது. உபதேசியாருக்கு நாற்பது நாள் மழையில் வந்த கடல். தாசில்தாருக்குப் புராணத்து முனிவர் கோடாலி எறிந்ததும் பயந்து விலகிய கடல். பண்டிதர் ஒருவருக்கு, அவருடைய முன்னோர்கள் அரண்மனைகளோடு மூழ்கிய கடல். மூன்று பேருக்கும் கடல் ஒரே நாளில், பெரிய சத்தத்தோடு, கெட்டவர்களுக்காகவோ நல்லவர்களுக்காகவோ நகர வேண்டும். நான் யாரையும் ஏமாற்றவில்லை. மூன்று பேரையும் பார்த்துத் தலையாட்டினேன்.

கடைசியில் சிவப்புத் துணியைப் பிரித்துப் பானைச் சில்லைத் தூக்கிக் காட்டினேன். "இதைச் செய்த கைகள் எங்கே? இதில் சமைத்துச் சாப்பிட்ட மக்கள் எங்கே?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே தழுதழுத்தது. தாசில்தார் எழுந்து வந்து மாலை போட்டார்.

கைதட்டல் ஓயும் நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "அது நான் ஒடச்ச சட்டில்லா."

ஞானமுத்துவின் மனைவி பாக்கியம். அவள் பக்கத்துப் பெண்ணிடம்தான் சொன்னாள். ஆனால் அந்த நேரம் பார்த்து எல்லோரும் கைதட்டலை நிறுத்தி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று காலைதான் அவளோடு மலையிலிருந்து திரும்பியிருந்த ஞானமுத்து பின்வரிசையில் எழுந்தார். பாவம், என்மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. உதவி செய்கிறவர் மாதிரித்தான் பேசினார்.

"வாத்தியாரே, தெங்கு வைக்கும்போ குழிக்குள்ள கடமணலும் உப்பும் கொட்டுவோம்லா? அங்க களிமண்ணு பாருங்க, வேரு இறங்காது. நானும் இவளும் கலியாணம் கழிஞ்ச வருஷம் மண்டைக்காட்டுக் கரையிலேருந்து வண்டியில கொண்டுவந்து கொட்டினது. உப்பு கொண்டுபோன மீஞ்சட்டிய இவ கீழ போட்டு ஒடச்சா. அதையும் குழியில தள்ளி மூடினேன். கிழக்கு மூலைத் தெங்கு. சவம், அப்படியும் ஒரு குலை காய்க்கல."

தாசில்தார் மாலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிப்பதுபோல் என் கழுத்தையே பார்த்தார். பண்டிதர் குடையைத் தேடினார். பாக்கியம் நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"எதுக்கு?" என்றேன்.

"சில்லு. கோழிக்குத் தண்ணி வைக்கலாம்லா."

கயிற்றில் தொங்கிய உண்மை

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததுமே பனங்கருக்கு வேலி பிய்ந்துபோயிற்று. திங்கட்கிழமை காலை பொன்னையன் வெட்டத் தொடங்கினான். என்னை யாரும் தடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், நானும் வேலை செய்கிறேன் என்று கயிற்றில் காலைக் கோத்து உள்ளே இறங்கினேன். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, வாழ்நாளில் முதல்முறையாக நான் ஒரு கிணற்றின் அடியில் நின்றேன்.

அங்கே குளிர்ச்சியாக இருந்தது. கண் பழகியதும் சுவரைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு வேறு விதமாக வெட்கம் வந்தது.

மேலே இருந்த சிப்பிகள் உடைந்து, ஒற்றை ஒற்றை ஓடாகக் கலந்து கிடந்தன. வண்டியில் ஏற்றி இறக்கியது அப்படித்தானே கிடக்கும். கீழே இருந்த மட்டிகள் அப்படி இல்லை. எல்லாம் இரண்டு ஓடும் மூடி, சேற்றுக்குள் நேராக நின்றன, பொழியில் உயிரோடு எப்படிப் புதைந்து நிற்குமோ அப்படி. பெரியது, அதன் பக்கத்தில் சின்னது, அதற்குமேல் ஒரு சாண் தள்ளி அடுத்த வரிசை. யாரும் கொண்டுவந்து போட்டவை அல்ல. அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே செத்தவை. என் புத்தகத்தில் "ஆனால்" என்பதற்குப் பிறகு கரையான் தின்ற வரி என்னவென்று அப்போது எனக்குத் தெரிந்தது.

பொன்னையன் காலடியில் எதையோ கம்பிப்பாரையால் தட்டிக்கொண்டிருந்தான். கையை விட்டுத் துழாவினேன். மரம். என் தொடைத் தடிமனுக்கு ஒரு வேர், கறுத்து, வெண்ணெய் மாதிரி நகத்தில் வழுக்கியது. வேர் மண்ணைப் பிடித்தபடியே இருந்தது. அதன்மேல் சேறு. சேற்றில் மட்டி. முதலில் மரம் நின்ற கரை, பிறகு அதன்மேல் கடல்.

அந்தச் சேற்றில் ஒரு கல் புரண்டிருக்கவில்லை, மரம் சாய்ந்திருக்கவில்லை. மட்டிக்கு அலையடிக்கிற இடம் ஆகாது. என் சொற்பொழிவில் நான் மூன்று பெரிய மனிதர்களுக்கும் கொடுத்த கடல், ஊளையிட்டுக்கொண்டு வந்த கடல், இங்கே வரவே இல்லை. வந்தது வேறு கடல். அழையாத வீட்டுக்கு வருகிற உறவினர் மாதிரி, முதலில் முற்றத்தில் நின்று, பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, மெல்ல மெல்ல உள்ளே வந்து, மட்டிகள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தும்வரை இருந்துவிட்டு, ஆற்றுக் களிமண் மூட மூட அதே மாதிரிப் போய்விட்டது. ஒரு சத்தம் இல்லை. அது ஏறிக்கொண்டிருந்தபோது கரையில் எவனாவது இருந்திருந்தால், அவனுக்கும் அது தெரிந்திருக்காது.

சுவரில் கசிந்த தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

"மேல தூக்குங்க அக்கா" என்று கத்தினேன்.

கயிறு பாதிவரை வந்து நின்றது. மேலே வட்டமான வெளிச்சத்தில் அன்னம்மை அக்காவின் தலையும் பாக்கியத்தின் தலையும் தெரிந்தன.

"கடலு எத்தனை தடவ வந்துதுன்னு மொதல்ல சொல்லும்" என்றாள் அக்கா.

"ஒரு தடவை."

"போன வாரம் ரெண்டுன்னீரு."

"ஒண்ணுதான் அக்கா. ஆனா இந்த ஒண்ணு நிஜம்."

"பாக்கியம், கயித்த இறக்கு. வாத்தியாரு இன்னும் கொஞ்சம் படிச்சிட்டு வரட்டும்."

"அக்கா, விளையாட்டு இல்ல. இது பழைய பொழி. இந்தச் சேத்துல எவ்வளவு வெட்டினாலும் உப்புத்தண்ணிதான் ஊறும். குடிக்கவும் ஆகாது, ரேந்தைக்கும் ஆகாது. மேட்டுல செம்மண்ணுல வெட்டணும். கடல் அங்க ஏறல."

மேலே இரண்டு தலைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு பாக்கியம் கேட்டாள். "அந்தச் சேத்துக்குள்ள எங்க வீட்டு அகப்பையும் கெடக்கா பாரும்."

எனக்குக் கீழே நின்ற பொன்னையனும் சேர்ந்துகொண்டான். "மூணு ஆள் வெட்டியாச்சு. இனி மேட்டுல போயி மொதல்லேருந்து வெட்டணுமாக்கும்? எனக்கு முதுகு ஒண்ணுதான் வாத்தியாரே. அது ரெண்டு தடவ வராது."

பொய் சொன்னபோது ஊர் கூடி மாலை போட்டது. உண்மையைச் சொல்கிறபோது கேட்க இரண்டு பெண்கள், அதுவும் நான் கயிற்றில் தொங்கிக்கொண்டு.

ரேந்தை சொன்னது

அக்கா என்னைக் கரையேற்றினாள். பொன்னையனிடம் சொல்லி அடியில் கசிந்த தண்ணீரை ஒரு செம்பில் நிரப்பி வாங்கிக்கொண்டாள். இடுப்பிலிருந்து ஒரு சாண் ரேந்தையை எடுத்தாள். மதாம்மைக்குக் கொடுக்க வைத்திருந்த மாதிரித் துண்டு. செம்பில் முக்கி, அலசி, பள்ளிக்கூட ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். போட்டுவிட்டுக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் பாடம் நடத்துகிற பாவனையில் உள்ளே நின்றேன்.

மத்தியானம் அது காய்ந்தது. அக்கா எடுத்தபோது ரேந்தை அப்பளம்போல் விறைத்து நின்றது. ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, நடுவில் சாம்பல் நிறம். மதாம்மை செய்வதுபோலவே அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தை நுனிப்பல்லால் கடித்துப் பார்த்தாள். பிறகு பொட்டலம் மாதிரி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"பொன்னையா, மேட்டுல அளவு போடு."

"வாத்தியாரு சொல்லுகாருன்னா?" என்று கேட்டான் அவன்.

"ரேந்தை சொல்லுது" என்றாள்.

அன்று சாயங்காலமே மேட்டில் கம்பிப்பாரை இறங்கியது. வீட்டுக்கு ஒரு ஆள் என்ற முறை வீட்டுக்கு இரண்டு ஆள் ஆயிற்று. அந்த இரண்டு வாரம் நான் வேலி அடைத்து வைத்திருந்தேனே, அதைத் திருப்பித் தரும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கயிற்றுமுனையில் நின்று இழுத்தேன். என் உள்ளங்கை முதல் நாளே தோல் உரிந்தது. "பாவம், சாக்பீசு பிடிச்ச கையி" என்று பாக்கியம் தேங்காயெண்ணெய் கொடுத்தாள்.

பங்குனிக் கடைசியில் சானல் அடைபட்டது. மேட்டுக்கிணற்றில் தண்ணீர் வரவில்லை. பத்து நாட்கள் எங்கள் பெண்கள் மறுபடியும் அந்தப் பெரிய வீட்டுத் தோப்பில் குடங்களோடு நின்றார்கள். அந்தப் பத்து நாட்களும் நான் அறைக்கு வெளியே பல் தேய்க்கவில்லை. சித்திரை பிறந்த பிறகு ஒருநாள், பாறைச் சந்தில் தெளிந்த தண்ணீர் விரல் தடிமனுக்கு வந்தது. பொன்னையன் கீழேயிருந்தே ஒரு வாய் குடித்துவிட்டு, "இது மீன் கழுவின வெள்ளம் இல்ல" என்று அறிவித்தான்.

காலடியில்

பழைய குழியை மூட யாருக்கும் மனம் வரவில்லை. அது உப்புத் தண்ணீரால் நிறைந்தது. தேங்காய் மட்டையை ஊறவைக்க உப்புத் தண்ணீர்போல் வேறெதுவும் இல்லை என்று ஞானமுத்து அந்த மட்டையை, எங்கள் ஊர்ப் பேச்சில் கதம்பையை, வண்டி வண்டியாகக் கொண்டுவந்து அதில் தள்ளினார். ஊறுகிற கதம்பையின் நாற்றத்தை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். என் ஆராய்ச்சியிலிருந்து என் அறைக்குப் பத்தடி. விஞ்ஞானப்படி நானே அளந்த பத்தடி.

அடுத்த வருஷம் கதம்பையை எடுத்து அடித்து, நார் பிரித்து, பெண்களே கயிறு திரித்தார்கள். அன்னம்மை அக்கா அதில் நல்லதாக ஒரு கயிற்றை மேட்டுக்கிணற்றுக்கென்று எடுத்துவைத்தாள். அதை முதலில் போட்ட அன்று காலை நான் அங்கே போனேன். சானல் அடைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கிணற்றடியில் கூட்டமாக இருந்தது. ஒருத்தி கோருகிறாள், ஒருத்தி அலசுகிறாள், துவைகல்லின் மேல் வெள்ளை வெளேரென்று ரேந்தைகள் காய்கின்றன. யாரும் யாருக்காகவும் காத்து நிற்கவில்லை.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நெஞ்சு நிறைந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது. இந்தக் கயிறு ஊறியது அந்தப் பழைய கடலில்தான் என்று தொடங்கினேன். மரத்தின்மேல் கடல் ஏறிய கதையை, சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போன கதையை, மட்டிகள் நேராக நின்றதை, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா குனிந்து நின்று கயிற்றைப் பற்றிக்கொண்டு, ஒரு சொல் குறுக்கிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு கவனமாக என் பேச்சை யாரும் கேட்டதே இல்லை.

"அக்கா, சட்டியை விட்டுத் தள்ளுங்க" என்றேன். "ரெண்டு கடல்ல ஒண்ணாவது உண்மைதானே. அதை மட்டும் ஒத்துக்கிடுங்க, போதும்."

"கயித்த மிதிச்சிட்டு நிக்கீரு, காலை எடும்" என்றாள்.